பிரிட்டனில் கரண்ட், கேஸ் கட்டணம்: ஒப்பிட்டுப் பார்த்துக் காசை மிச்சம் பிடிக்க – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரில் மின்வாரியமோ மின்சார சபையோ ஒரே இடம், ஒரே ரேட், பில் வந்தால் கட்டிவிட்டு வர வேண்டியதுதான். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் அப்படி இல்லை. வீட்டுக்குள் வருவது அதே கம்பி, அதே குழாய், ஆனால் யாரிடம் என்ன விலைக்கு வாங்குவது என்பது நம் கையில் இருக்கிறது. இது தெரிந்தும் "அதெல்லாம் பெரிய தலைவலி" என்று பல வீடுகளில் பல வருடமாக ஒரே கம்பெனியில் இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம். கீழே உள்ள ரேட்டுகள் 2026 ஜனவரி முதல் மார்ச் வரையான பிரைஸ் கேப் (ரேட்டுக்கு வைக்கப்படும் உச்சவரம்பு) காலத்துக்கு உரியவை, டைரக்ட் டெபிட்டில் (பேங்கிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும் முறையில்) கட்டுபவர்களுக்கான தேசிய சராசரி, 5 சதவீத வாட் (VAT) வரியும் சேர்ந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரேட் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது, அதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

பில்லில் ஆயிரம் எண் இருக்கிறது. எதைத்தான் பார்ப்பது?

கரண்டுக்கு மூன்று, கேஸுக்கு மூன்று, மொத்தம் ஆறே எண்கள். ஒன்று, வருடத்துக்கு எத்தனை யூனிட் செலவழிக்கிறீர்கள் (ஒரு யூனிட் என்றால் ஒரு கிலோவாட் மணி). இரண்டு, ஒரு யூனிட்டுக்கு எத்தனை பென்ஸ். மூன்று, ஸ்டாண்டிங் சார்ஜ், அதாவது ஒரு விளக்குகூடப் போடாவிட்டாலும் நாளுக்கு இவ்வளவு என்று ஏறிக்கொண்டே இருக்கும் கட்டணம்.

வருட யூனிட்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பில்லிலோ கம்பெனியின் ஆப்பிலோ கடந்த பன்னிரண்டு மாதச் செலவு என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அதை எடுங்கள். ஜனவரி பில்லை எடுத்துப் பன்னிரண்டால் பெருக்காதீர்கள். கேஸ் செலவில் பெரும்பகுதி ஹீட்டிங்குக்குப் போவதால் குளிர்கால மாதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் எண் ஊதிவிடும், கோடை மாதத்தை வைத்தால் சுருங்கிவிடும்.

பிரைஸ் கேப் 1,758 பவுண்ட் என்று செய்தியில் சொன்னார்கள். அதற்கு மேல் பில் வராதுதானே?

வரும். இந்த ஒரு விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாந்துபோகிறார்கள், செய்தியில் சொல்கிற விதமும் அப்படி.

ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு 2019 ஜனவரியிலிருந்து பிரைஸ் கேப் வைக்கிறது. அது யூனிட் ரேட்டுக்கும் ஸ்டாண்டிங் சார்ஜுக்கும்தான் உச்சவரம்பு, மொத்த பில்லுக்கு இல்லை. வருடத்துக்கு 2,700 யூனிட் கரண்டும் 11,500 யூனிட் கேஸும் செலவழிக்கும் ஒரு "நடுத்தர" வீட்டுக்கு அந்த ரேட்டில் வரும் தொகையே 1,758. தாத்தா பாட்டி, பிள்ளைகள் என்று ஏழு பேர் இருக்கும் வீட்டில் 2,500 வந்தாலும் அது கேப்புக்கு உட்பட்டதுதான்.

2026 ஜனவரி–மார்ச் காலாண்டின் ரேட்: கரண்ட் யூனிட்டுக்கு 27.69 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் நாளுக்கு 54.75 பென்ஸ். கேஸ் யூனிட்டுக்கு 5.93 பென்ஸ், ஸ்டாண்டிங் சார்ஜ் 35.09 பென்ஸ். வட்டாரத்துக்கு வட்டாரம் இது மாறும். கரண்டுக்கான ஸ்டாண்டிங் சார்ஜ் லண்டனில் குறைவு, வட வேல்ஸ், மெர்சிசைட் பக்கம் அதிகம். அதனால் லிவர்பூலில் இருக்கும் சித்தப்பா சொன்ன ரேட்டை வைத்து ஹாரோவில் இருப்பவர் முடிவெடுக்க முடியாது. வட அயர்லாந்துக்கு இந்தக் கேப்பே கிடையாது, அங்கே ஒழுங்குமுறை அமைப்பு வேறு.

இன்னொன்று, ஸ்டாண்டர்ட் வேரியபிள் போன்ற தானாக வந்து சேரும் கட்டணங்களுக்கு மட்டுமே இந்த வரம்பு பொருந்தும். நீங்களாகத் தேர்ந்தெடுக்கும் ஃபிக்ஸ்ட் டீலுக்கு (குறிப்பிட்ட காலத்துக்கு ரேட் மாறாத ஒப்பந்தத்துக்கு) கேப் கிடையாது, அது கேப்பைவிட அதிகமாகவும் இருக்கலாம்.

சரி, இரண்டு டீல்களை எப்படி ஒப்பிடுவது? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

காட்டுகிறேன், ஒரு பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கற்பனை டீல்கள்.

முதல் டீல்: கரண்ட் 25.2 பென்ஸ், ஸ்டாண்டிங் 58 பென்ஸ். கேஸ் 5.7 பென்ஸ், ஸ்டாண்டிங் 36 பென்ஸ்.

இரண்டாவது டீல்: கரண்ட் 27.5 பென்ஸ், ஸ்டாண்டிங் 40 பென்ஸ். கேஸ் 6.1 பென்ஸ், ஸ்டாண்டிங் 22 பென்ஸ்.

கணவன் மனைவி மட்டும் இருக்கும் சின்ன ஃபிளாட், வருடத்துக்குக் கரண்ட் 1,800 யூனிட், கேஸ் 7,500 யூனிட் என்று வையுங்கள். முதல் டீலில் கரண்ட் 453.60, அதன் ஸ்டாண்டிங் 211.70, கேஸ் 427.50, அதன் ஸ்டாண்டிங் 131.40, மொத்தம் 1,224.20 பவுண்ட். இரண்டாவது டீலில் இதே வரிசையில் 495, 146, 457.50, 80.30, மொத்தம் 1,178.80. யூனிட் ரேட் கூடுதலாக இருக்கும் இரண்டாவது டீல்தான் இவர்களுக்கு லாபம், 45 பவுண்ட் மிச்சம்.

இப்போது கூட்டுக் குடும்பம், கரண்ட் 4,100 யூனிட், கேஸ் 17,000 யூனிட். முதல் டீலில் 2,345.30, இரண்டாவதில் 2,390.80. இங்கே முதல் டீல் 45 பவுண்ட் மலிவு. அதே இரண்டு டீல்கள், வீடு மாறியதும் முடிவு தலைகீழாகிவிட்டது. பிரைஸ் கேப் ரேட்டிலேயே இருந்திருந்தால் சின்ன வீட்டுக்கு 1,271, பெரிய வீட்டுக்கு 2,471 ஆகியிருக்கும். அப்படிப் பார்த்தால் இரண்டுமே லாபம்தான், ஆனால் தனக்குப் பொருந்தும் டீலைத் தேர்ந்தெடுத்தவருக்கு லாபம் இன்னும் அதிகம்.

"எனக்கு இந்தக் கம்பெனி மலிவாக இருக்கிறது, நீயும் மாறு" என்று கோயிலில் யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து உங்கள் யூனிட்டைப் போட்டுப் பாருங்கள்.

ஸ்டாண்டிங் சார்ஜ் எதற்கு? எதையும் பயன்படுத்தாத மாதத்திலும் ஏன் கட்ட வேண்டும்?

கம்பிகள், குழாய்கள், மீட்டர் ஆகியவற்றின் செலவு, திவாலான கம்பெனிகளால் வந்த செலவு, சில அரசுத் திட்டங்களின் செலவு எல்லாம் இதில் ஏறியிருக்கின்றன. கேப் ரேட்டில் இரண்டுக்கும் சேர்த்து வருடத்துக்கு 328 பவுண்ட், அதாவது ஒரு யூனிட்கூட எரிக்காமல். தனியாக இருக்கும் ஒரு பாட்டி குளிரைத் தாங்கிக்கொண்டு ஹீட்டிங்கை அணைத்துவைத்தாலும் இந்தத் தொகை குறையாது. எனக்கு இது நியாயமாகப் படவே இல்லை. சிக்கனமாக இருப்பவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். ஸ்டாண்டிங் சார்ஜ் குறைவான டீல்களைச் சில கம்பெனிகள் தருகின்றன, செலவு குறைவான வீடுகள் அவற்றை முதலில் தேட வேண்டும். யூனிட் ரேட் அங்கே கூடுதலாக இருக்கும், மேலே போட்டது போலக் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஃபிக்ஸ்ட் நல்லதா, வேரியபிள் நல்லதா?

ஃபிக்ஸ்ட் எடுத்தால் ஒரு வருடமோ இரண்டு வருடமோ ரேட் மாறாது. வேரியபிள் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று கேப்போடு சேர்ந்து ஏறி இறங்கும். ஃபிக்ஸ்ட் எடுத்தால் பில்லே மாறாது என்று சிலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, ரேட்தான் நிலையாக இருக்கும், எரித்த யூனிட் கூடினால் பில்லும் கூடும்.

நான் பார்க்கும் முறை இது. ஃபிக்ஸ்ட் டீலின் வருட மொத்தத்தையும் இப்போதைய கேப் ரேட்டில் என் வருட மொத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். ஃபிக்ஸ்ட் கணிசமாகக் குறைவாக இருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். இரண்டும் கிட்டத்தட்ட சமம் என்றால், அடுத்த காலாண்டுகளில் கேப் எப்படிப் போகும் என்று கார்ன்வால் இன்சைட் என்ற நிறுவனம் வெளியிடும் கணிப்பைப் பார்ப்பேன். ஆனால் கணிப்பு கணிப்புதான். 2021 இறுதியில் தொடங்கிய விலை ஏற்றம் 2022ல் எங்கே போய் நின்றது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும், அரசாங்கமே தலையிட்டு நடுத்தர வீட்டு பில்லை 2,500 பவுண்ட் அளவில் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. மாதச் சம்பளத்தில் இழுத்துப் பிடித்து ஓட்டும் குடும்பம் என்றால், பத்து இருபது பவுண்ட் கூடுதலாக இருந்தாலும் ஃபிக்ஸ்ட் எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பதில் தவறே இல்லை.

எக்ஸிட் ஃபீ இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இடையில் விலகினால் கரண்டுக்குத் தனியாக, கேஸுக்குத் தனியாகக் கேட்பார்கள், 25, 50 பவுண்ட் என்றெல்லாம் இருக்கும். ஒப்பந்தம் முடிய 49 நாளோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் எக்ஸிட் ஃபீ வாங்கக் கூடாது. அந்தத் தேதியை போனில் குறித்துவையுங்கள், ஒப்பந்தம் முடிந்ததும் சத்தமில்லாமல் வேரியபிளுக்குத் தள்ளிவிடுவார்கள்.

இப்போது மாதம் 160 கட்டுகிறேன். வேறு கம்பெனி 125 என்கிறது. மாறிவிடலாமா?

மாதத் தொகையை வைத்து மாறாதீர்கள். டைரக்ட் டெபிட் என்பது விலை இல்லை, வருடச் செலவு இவ்வளவு இருக்கும் என்று கம்பெனி போடும் மதிப்பீட்டைப் பன்னிரண்டால் வகுத்த தொகை. புதிய கம்பெனி உங்கள் செலவைக் குறைத்து மதிப்பிட்டால் முதலில் 125 என்பார்கள், ஆறு மாதம் கழித்துக் கணக்கில் பாக்கி ஏறி 190 ஆக்குவார்கள்.

உங்கள் கணக்கில் கிரெடிட் (கூடுதலாகக் கட்டிச் சேர்ந்த பணம்) எவ்வளவு நிற்கிறது என்றும் பாருங்கள். கோடையில் கொஞ்சம் சேர்வது இயல்பு, குளிர்காலத்தில் கரைந்துவிடும். ஆனால் குளிர்காலம் முடிந்து ஏப்ரல், மே மாதத்திலும் சில நூறு பவுண்ட் சும்மா நின்றால் அது உங்கள் பணம், திருப்பிக் கேட்கலாம். மீட்டர் ரீடிங் கொடுத்துவிட்டுக் கேளுங்கள், இல்லாவிட்டால் "எஸ்டிமேட்" என்று சொல்லித் தட்டிக்கழிப்பார்கள்.

கேஸ் மீட்டரில் 90 ஓடியிருக்கிறது, பில்லில் 1,010 யூனிட் என்கிறார்கள். கொள்ளை அடிக்கிறார்களா?

இல்லை, கணக்கு சரிதான், ஆனால் சரிபார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். கரண்ட் மீட்டர் நேரடியாக யூனிட்டைக் காட்டும். கேஸ் மீட்டர் எவ்வளவு கன அளவு கேஸ் போனது என்பதைத்தான் காட்டும். அதை யூனிட்டாக மாற்ற 1.02264 ஆல் பெருக்கி, பிறகு கேஸின் வெப்ப அளவால் (பில்லிலேயே போட்டிருக்கும், பெரும்பாலும் 39 முதல் 40 வரை இருக்கும்) பெருக்கி, 3.6 ஆல் வகுக்க வேண்டும். 90 கனமீட்டரை 1.02264 ஆல் பெருக்கினால் 92.04, அதை 39.5 ஆல் பெருக்கினால் 3,635, 3.6 ஆல் வகுத்தால் 1,010. கேப் ரேட்டில் கிட்டத்தட்ட 60 பவுண்ட். அவசரத்துக்கு ஒரு கனமீட்டருக்குச் சுமார் 11 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய மீட்டர்கள் கனமீட்டரில் அளப்பதில்லை, நூறு கன அடியில் அளக்கும். அப்போது முதலில் 2.83 ஆலும் பெருக்க வேண்டும். அதே 90, பழைய மீட்டரில் 2,858 யூனிட் ஆகிவிடும், கிட்டத்தட்ட 169 பவுண்ட். உங்கள் வீட்டில் புதிய மீட்டர் இருந்து, கம்பெனியின் பதிவில் பழையது என்று கிடந்தால், மாதாமாதம் மூன்று மடங்கு கட்டிக்கொண்டிருப்பீர்கள். டார்ச் அடித்து மீட்டரின் முகப்பைப் பாருங்கள். ஆங்கில எம் எழுத்தும் மேலே சிறிதாக 3ம் இருந்தால் கனமீட்டர், எஃப்டி என்று இருந்தால் கன அடி. பழையவற்றில் பெரும்பாலும் நான்கு இலக்கம், புதியவற்றில் புள்ளிக்கு முன் ஐந்து இலக்கம். பில்லில் எந்த அளவில் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று ஒத்துப்பாருங்கள். மீட்டரின் சீரியல் எண்ணும் பில்லில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள். ஃபிளாட்களில் எதிர் வீட்டு மீட்டருக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பது நடக்காத விஷயம் இல்லை.

விலை ஒப்பிடும் வெப்சைட்களை நம்பலாமா?

பயன்படுத்துங்கள், ஆனால் ஒன்றை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கம்பெனி கமிஷன் கொடுத்தால்தான் அவர்களுக்கு வருமானம், அதனால் தங்கள் வழியாக மாறக்கூடிய டீல்களையே முதலில் காட்டும் தளங்கள் உண்டு. "எல்லா டீல்களையும் காட்டு" என்று ஒரு தேர்வு இருக்கும், அதைத் தேடிப் பிடித்து அழுத்துங்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் ஒப்பீட்டுப் பக்கத்தில் விற்பனை நோக்கம் இல்லை, அதோடு ஒத்துப் பார்ப்பது நல்லது. உங்கள் இப்போதைய கம்பெனியின் ஆப்பையும் ஒருமுறை திறந்து பாருங்கள், பழைய வாடிக்கையாளருக்கு மட்டும் ஒரு ஃபிக்ஸ்ட் வைத்திருப்பார்கள்.

தளத்தில் "வீட்டில் எத்தனை அறை, எத்தனை பேர்" என்று கேட்டால் அந்த வழியில் போகாமல் யூனிட் எண்ணை நேரடியாகப் போடுங்கள். மூன்று வேளையும் சமைக்கிற வீட்டையும், சாண்ட்விச் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போகிற வீட்டையும் அறை எண்ணிக்கை ஒன்றாகத்தான் பார்க்கும்.

கம்பெனி மாறும்போது கரண்ட் கட் ஆகுமா? எவ்வளவு நாள் ஆகும்?

கட் ஆகாது. யாரும் வந்து தோண்டப் போவதும் இல்லை. ஐந்து வேலை நாளில் முடிந்துவிட வேண்டும், தாமதமானால் 40 பவுண்ட் இழப்பீடு உண்டு. முடிவை மாற்றிக்கொள்ள 14 நாள் அவகாசமும் உண்டு. பழைய கம்பெனிக்கு நீங்கள் எதுவும் எழுத வேண்டாம், புதிய கம்பெனியே பார்த்துக்கொள்ளும். மாறும் நாளில் இரண்டு மீட்டரையும் போட்டோ எடுத்துவையுங்கள். பின்னால் பழையவர் ஒரு எண், புதியவர் வேறு எண் என்று சொன்னால் அந்தப் போட்டோதான் பேசும். கடைசி பில் வரும்வரை பழைய டைரக்ட் டெபிட்டை பேங்கில் ரத்து செய்யாதீர்கள்.

வாடகை வீட்டில் இருக்கிறோம். மாறலாமா?

பில் உங்கள் பெயரில் வந்து நீங்களே கட்டினால் மாறலாம், வீட்டுக்காரர் காரணமில்லாமல் தடுக்க முடியாது. ஒப்பந்தத்தில் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தால் தெரிவித்துவிடுங்கள், மீட்டரின் வகையையே மாற்றுவது என்றால் கேட்டுச் செய்வது நல்லது.

ஈஸ்ட்ஹாம், இல்ஃபர்ட் பக்கம் ஒரு அறை எடுத்துத் தங்கும் மாணவர்களுக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் இது கட்டாயம் தெரிய வேண்டும்: வீட்டுக்காரர் தன் பெயரில் கரண்ட், கேஸ் வாங்கி உங்களிடம் அளவுக்கு ஏற்பத் தனியாக வசூலித்தால், தான் கட்டிய விலைக்கு மேல் வைத்து விற்கக் கூடாது. அதற்கு விதி இருக்கிறது. "அண்ணா, கம்பெனி பில்லை ஒருமுறை காட்டுங்கள்" என்று மரியாதையாகக் கேட்கலாம், அதில் ஒன்றும் தப்பில்லை. பில் எல்லாம் வாடகைக்குள்ளேயே அடங்கும் என்றால் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

புதிய வீட்டுக்குக் குடிபோனால் ஏற்கெனவே அங்கே இருந்த கம்பெனியின் வேரியபிள் ரேட்டில்தான் தானாக இருப்பீர்கள். சாவி வாங்கிய அன்றே ரீடிங் எடுத்து அனுப்புங்கள், முன்பு இருந்தவரின் பாக்கி உங்கள் தலையில் விழாது. அப்புறம் விருப்பப்பட்ட டீலுக்கு மாறுங்கள், அங்கே எக்ஸிட் ஃபீ கிடையாது.

கீழே கடை, மேலே வீடு. ஒரே மீட்டர். என்ன செய்வது?

முதலில் அது பிசினஸ் ஒப்பந்தமா என்று பாருங்கள். பிசினஸ் என்றால் பிரைஸ் கேப் கிடையாது, 14 நாள் அவகாசமும் கிடையாது. போனில் "சரி" என்று சொன்னால் அதுவே ஒப்பந்தம், மூன்று வருடம் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளலாம். கடைக்காரர்களுக்கு ஓயாமல் புரோக்கர் போன் வருவது இதனால்தான், தமிழிலேயே பேசுபவர்களும் உண்டு. அவர்களுடைய கமிஷன் பெரும்பாலும் உங்கள் யூனிட் ரேட்டிலேயே சேர்ந்திருக்கும். எழுத்தில் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிடுங்கள். வீட்டுக்குத் தனி மீட்டர் வைக்க முடியுமா என்று விசாரிப்பது நீண்ட நாள் லாபம்.

கேஸில் சமைப்பது மலிவா, கரண்டில் சமைப்பது மலிவா?

யூனிட்டுக்கு யூனிட் பார்த்தால் கரண்ட் கேஸைவிட நான்கரை மடங்கு விலை. கேஸ் அடுப்பில் சூட்டில் பாதிக்கு மேல் பாத்திரத்தைச் சுற்றி வீணாகப் போகிறது என்பது உண்மைதான், ஆனால் அப்படிப் போன பிறகும் கேஸ்தான் மலிவு. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க எலக்ட்ரிக் கெட்டிலில் சுமார் 3 பென்ஸ், கேஸ் அடுப்பில் சுமார் ஒன்றரை பென்ஸ். குக்கரில் பருப்பு வேகவைக்கவும் இட்லி அவிக்கவும் வருடம் முழுவதும் ஆகும் செலவு நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. 150 வாட் கிரைண்டரில் நாற்பது நிமிடம் மாவு ஆட்டினால் 3 பென்ஸ்கூட ஆகாது. பில்லைக் குறைக்க வேண்டும் என்று சமையலில் கை வைக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு. ஹீட்டிங், வெந்நீர் எல்லாம் கரண்டில், அடுப்புக்கு மட்டும் கேஸ் என்று இருக்கும் ஃபிளாட்களில், ஒரு அடுப்புக்காக வருடம் 128 பவுண்ட் ஸ்டாண்டிங் சார்ஜ் கட்டுகிறீர்கள். இண்டக்ஷனுக்கு மாறி, கேஸ் மீட்டரை எடுக்கச் சொல்வதைப் பற்றி அங்கே யோசிக்கலாம். எடுப்பதற்குக் கட்டணம் உண்டா என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எங்கள் கரண்ட் பில் ஏன் இவ்வளவு வருகிறது?

கரண்டில் எதையாவது சூடாக்குகிறீர்கள். பெரும்பாலும் பதில் அதுதான். முதலில் பாத்ரூமைப் பாருங்கள். சுவரில் எலக்ட்ரிக் ஷவர் பெட்டி இருந்தால், அது 9 கிலோவாட் என்று வையுங்கள், பத்து நிமிடக் குளியலுக்கு ஒன்றரை யூனிட், 41 பென்ஸுக்கு மேல். நான்கு பேர் தினமும் குளித்தால் வருடத்துக்கு 600 பவுண்ட், குளிப்பதற்கு மட்டும். அதே வீட்டில் கேஸ் பாய்லரில் ஓடும் இன்னொரு ஷவரோ, குளியல் தொட்டிக் குழாயோ இருந்தால், தண்ணீர் தாராளமாக விழுந்தாலும் ஒரு குளியலுக்குச் சுமார் 24 பென்ஸ்தான் ஆகும். எந்த கம்பெனிக்கு மாறியும் கிடைக்காத மிச்சம் இது.

அடுத்தது ஃபேன் ஹீட்டர். 2 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு 55 பென்ஸ். இரவு முழுக்க அறையில் ஓடவிட்டால் நான்கு பவுண்டுக்கு மேல் போய்விடும். வெந்நீர்த் தொட்டிக்குள் இருக்கும் இம்மர்ஷன் ஹீட்டரின் சுவிட்சை யாரோ எப்போதோ போட்டுவிட்டு மறந்திருப்பார்கள், அதையும் பாருங்கள். மீனும் இறைச்சியும் வாங்கிப் போட கராஜில் வைத்திருக்கும் பழைய ஃப்ரீசரையும் விட்டுவிடாதீர்கள்.

கேஸ் பக்கம் ஒன்றே ஒன்று: காம்பி பாய்லர் (தொட்டி இல்லாமல் உடனுக்குடன் வெந்நீர் தருவது) என்றால் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை 60 டிகிரி அளவுக்குக் குறைத்துவையுங்கள். கண்டென்சிங் பாய்லர்கள் அந்த அளவில்தான் கேஸை நன்றாகப் பயன்படுத்தும். வெந்நீர்த் தொட்டி இருக்கும் வீடுகளில் கிருமி வளரும் ஆபத்து இருப்பதால் இதைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

இரவு ரேட், ஸ்மார்ட் மீட்டர், எலக்ட்ரிக் கார் டீல்கள் எல்லாம் நமக்கு ஒத்துவருமா?

எகானமி 7 என்பது இரவு ஏழு மணி நேரம் மலிவு, பகலில் சாதாரண ரேட்டைவிட அதிகம். இரவில் சூடேறிப் பகலில் சூடு தரும் ஸ்டோரேஜ் ஹீட்டர் இருக்கும் வீட்டுக்குத்தான் அது. மொத்த யூனிட்டில் சுமார் 40 சதவீதமாவது இரவில் போகாவிட்டால் நஷ்டம். கேஸ் ஹீட்டிங் இருக்கும் வீட்டில் பழைய குடியிருப்பாளர் விட்டுப்போன எகானமி 7 மீட்டர் சும்மா இருந்தால், ஒற்றை ரேட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

எலக்ட்ரிக் கார் இருந்தால் கதையே வேறு. அவர்களுக்கென்று இருக்கும் டீல்கள் சிலவற்றில் இரவு யூனிட் 10 பென்ஸுக்குக் கீழே கிடைக்கிறது, காரோடு சேர்த்து வாஷிங் மெஷினையும் அந்த நேரத்தில் ஓட்டலாம். ஆக்டோபஸ் கம்பெனியின் அஜைல் போல அரைமணிக்கு ஒருமுறை ரேட் மாறும் டீல்களும் உண்டு. மாலை 4 மணியிலிருந்து 7 மணிவரை அங்கே விலை உச்சியில் இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சமையலும் அப்போதே நடக்கும் வீட்டுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். இந்த மாதிரி டீல் எல்லாவற்றுக்கும் ஸ்மார்ட் மீட்டர் வேண்டும், அது இலவசமாகவே வைத்துத் தருவார்கள்.

டாப்-அப் மீட்டர் வைத்திருக்கிறோம். அதிக விலை கொடுக்கிறோமா?

முன்பு அப்படித்தான் இருந்தது, இப்போது இல்லை. பிரீபேமென்ட் கேப், அதாவது டாப்-அப் மீட்டருக்கான வரம்பு, டைரக்ட் டெபிட்டைவிடச் சற்றுக் குறைவாகவே வைக்கப்படுகிறது. பில் வந்த பிறகு கட்டுபவர்களுக்குத்தான் அதிகம், வருடத்துக்கு 100 பவுண்டுக்கு மேல் கூடுதலாகப் போகிறது. அப்பா அம்மா இன்னும் பில்லை எடுத்துக்கொண்டு போஸ்ட் ஆபீஸில் கட்டுகிறார்கள் என்றால் அதை முதலில் மாற்றிக்கொடுங்கள். ஆனால் மலிவான ஃபிக்ஸ்ட் டீல்கள் டாப்-அப் மீட்டருக்குக் குறைவாகவே கிடைக்கின்றன.

வயதான பெற்றோருக்கு வேறு என்ன உதவி உண்டு?

வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் 150 பவுண்ட். வருமானத்தைப் பொறுத்துக் கொடுக்கப்படும் உதவித்தொகை வாங்குபவர்களுக்கு 2025–26 குளிர்காலத்திலிருந்து விரிவாக்கியிருக்கிறார்கள், பில்லில் நேரடியாகக் கழித்துவிடுவார்கள். எல்லாச் சின்ன கம்பெனிகளும் இந்தத் திட்டத்தில் இல்லை, அதனால் மாறும் முன் கேளுங்கள், 40 பவுண்ட் மிச்சத்துக்கு மாறி 150ஐ இழக்கக் கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வருமானம் 35,000 பவுண்டுக்குள் இருக்கும் ஓய்வூதியர்களுக்கு வின்டர் ஃப்யூயல் பேமென்ட்டும் நிலைத்திருக்கிறது.

காசு சம்பந்தப்படாத ஒன்றும் சொல்கிறேன். பிரயாரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டரில் அவர்கள் பெயரைச் சேருங்கள், இலவசம். கரண்ட் தடைபட்டால் முதலில் தகவல், உதவி அவர்களுக்குப் போகும். பில்லைப் பிள்ளைகள் பெயருக்கு அனுப்பச் சொல்லலாம், வீட்டுக்கு மீட்டர் பார்க்க வருபவர் சொல்ல வேண்டிய பாஸ்வேர்ட் ஒன்றையும் வைக்கலாம். தனியாக இருக்கும் அம்மாவுக்கு அந்தப் பாஸ்வேர்ட் பெரிய பாதுகாப்பு. கம்பெனி மாறினால் மறுபடி பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சின்ன கம்பெனிக்கு மாறி, அது திவாலானால்?

கரண்ட் நிற்காது, கணக்கில் இருக்கும் கிரெடிட்டும் போகாது. 2021ல் ஏராளமான கம்பெனிகள் மூடியபோது வாடிக்கையாளர்களை வேறு கம்பெனிகளுக்கு ஆஃப்ஜெம் மாற்றிக்கொடுத்தது. ஃபிக்ஸ்ட் ரேட் மட்டும் போய்விடும். அப்படி நடந்தால் அன்றே ரீடிங் போட்டோ எடுத்துவிட்டு, புதிய கம்பெனி தொடர்புகொள்ளும்வரை காத்திருங்கள்.

திடீரென்று இரண்டு வருடத்துக்கான பாக்கி என்று 1,400 பவுண்ட் பில் வந்திருக்கிறது. கட்ட வேண்டுமா?

உடனே கட்டிவிடாதீர்கள். கம்பெனியின் தவறால் முன்பே பில் போடாமல் விட்டிருந்தால், 12 மாதத்துக்கு முன்னால் செலவான யூனிட்டுக்கு இப்போது பணம் கேட்க முடியாது. நீங்கள் மீட்டர் பார்க்க விடாமல் தடுத்திருந்தால் மட்டும் அது பொருந்தாது. அந்த விதிப்படி பில்லைத் திருத்தித் தரும்படி இமெயிலில் எழுதுங்கள், அதைப் புகார் என்றே குறிப்பிடுங்கள். போனில் பேசினால் தேதி, நேரம், பேசியவர் பெயர் குறித்துவையுங்கள். எட்டு வாரத்தில் தீர்வு வராவிட்டால், அல்லது இதற்கு மேல் முடியாது என்று அவர்களே கடிதம் கொடுத்துவிட்டால், புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் எனர்ஜி ஆம்பட்ஸ்மனுக்குப் போகலாம், நமக்குச் செலவில்லை, அவர் தீர்ப்பை நாம் ஏற்றுக்கொண்டால் கம்பெனி அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். மீதி நியாயமான பாக்கி இருந்தால் அதையும் மொத்தமாகக் கேட்க விடாதீர்கள், உங்கள் வருமானத்துக்குத் தகுந்த தவணை போட்டுத்தர வேண்டியது அவர்கள் பொறுப்பு.